மொடலில் இல்லாத படிகள்

சட்டத்தரணி றம்லாவின் அலுவலகத்துக்கு வந்தபோது நிருஷா அழுது முடித்திருந்தாள். முகத்தில் மீதி எதுவுமில்லை.

"அவர் களவெடுக்கல்ல மெடம். தச்சு வேலைக்குத்தான் போனவர். இப்ப பொலிஸ் பிடிச்சு மறியல்ல அடைச்சிரிக்கு."

வாவிக்கரையிலுள்ள பழைய சுங்க மாளிகையைப் புதுப்பிக்கிறார்கள். அதற்காக நிலோஜன் என்பவன் லேசர் கருவியால் கட்டடம் முழுவதையும் அளந்து, கணினியில் முப்பரிமாண மொடல் செய்திருந்தான். நடுவாசலுக்கு மேலிருந்த செதுக்குப் பலகை மொடலில் இருக்கிறது, வாசலில் இல்லை. அளந்ததாகப் பதிவான திகதி, நிருஷாவின் கணவன் ஜெயந்தன் சாவி வாங்கிய அதே காலை. அதுவரை சாவி நிலோஜனிடம். ஆகவே கள்ளன் ஜெயந்தன். பொலிஸுக்கு அது போதுமாயிருந்தது.

"பலகை இல்லையெண்டத அவர் காணல்லையா?"

"வாசலப் பொலித்தீனால மூடிக் கட்டியிருந்ததாம். அவர் பின்கூரையில நிண்டவர்."

றம்லாவின் எழுதுவினைஞர் வினாயகமூர்த்திக்கு ஐம்பது தாண்டியும் ஆர்வம் அடங்கவில்லை. நிருஷா கொண்டுவந்த மொடல் பிரதியைத் திரையில் திறந்து, மாளிகையைப் பம்பரம்போலச் சுற்றினார்.

"மிசினே பழுது மெடம். வாவிக்கு இறங்கிற படி அஞ்சு, காலையில அந்தப் பக்கத்தால வரக்குள்ள பாத்தன். இதில ரெண்டுதான். தோணி கட்டுற கல்லுக்கும் அடியக் காணல்ல."

"பொறுங்க அண்ணன். பக்கவாட்டில திருப்புங்க."

படி, கல், கரைச்சுவர் மூன்றும் நூல் பிடித்ததுபோல் ஒரே மட்டத்தில் அறுந்திருந்தன. கீழே வெறும் கருமை.

றம்லா தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தாள். "வாவித் தண்ணி கடலுக்கு இறங்க ஆத்துவாய எப்ப வெட்டினாங்க?"

"அவர் சாவி வாங்கினதுக்கு முந்தின கிழமை," என்றாள் நிருஷா. "வெட்டின கையோட வெள்ளமெல்லாம் கடலுக்குப் போயிட்டு."

மறுநாள் மாளிகைப் படிக்கட்டில் எல்லோரும் கூடினார்கள். நிலோஜனும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் வந்திருந்தார்கள்.

"நிலோஜன், லேசர் தண்ணியில பட்டா என்ன பதியும்?" என்றாள் றம்லா.

"ஒண்டும் பதியாது. அந்த இடம் ஓட்டையா வரும்."

"அப்ப நீங்க அளக்கக்குள்ள மூணு படி தண்ணிக்குள்ள. மிசின் பழுதெண்டா இப்பிடி ஒரே மட்டத்தில அறுக்காது."

"அண்டைக்கு மழை..."

"ஆத்துவாய் திறந்து கிடக்கக்குள்ள மழைத்தண்ணி மூணு படி ஏறுமோ தம்பி?" வினாயகமூர்த்தி சிரித்தார். "ஏறியிருந்தா என்ட வீட்டுக் குசினிக்க வள்ளம் வந்திரிக்கும்!"

றம்லா சிரிக்கவில்லை. "ஆத்துவாய் வெட்ட முந்தியே அளந்திட்டீங்க. அப்ப சாவி உங்கட கையில. மறுகா பலகையக் கழட்டி, வாசல மூடி, மொடல்ல திகதிய மாத்தினீங்க. தண்ணிய மாத்த ஏலாமப் போயிட்டு."

நிலோஜன் வாவியைப் பார்த்தான். "பாசிக்குடாவில ஒருத்தர்ர வீட்டுச் சுவர்ல இரிக்கு," என்றான் கடைசியில்.

பொறுப்பதிகாரி அவனை ஜீப்பில் ஏற்றினார். நிருஷாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை.

"நாளைக்கு நீதிமன்றத்தில சொல்லி வெளிய எடுக்கலாம்," என்றாள் றம்லா.

"வந்து என்ன செய்ற மெடம்? கள்ளனெண்டு ஊரெல்லாம் கதை. இனி ஆர் வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

வினாயகமூர்த்தி ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். றம்லா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு கைப்பையிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"பகல்ல வீட்டில ஆரும் இல்ல. அறைக் கதவு நிலத்தில உரசுது. வந்ததும் அவர அனுப்பு."