போல்ட்டின் மேல் ஒரு கோடு

மழை விட்டாலும் தூவானம் விடாத ஒரு பிற்பகலில், சின்னவள் தன் கார் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். உள்ளே நுழைந்ததுமே ஃபோன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க?"

"பட்டறையிலம்மா. ஒரே ஒரு வேலை பாக்கி."

"நாளைக்குப் பதிவாளர் முன்னாடி கையெழுத்துப் போடப்போற கை அது. நகமெல்லாம் கிரீஸோட போய் நின்னா, வண்டி ரிப்பேருக்கு வந்தவன்னு உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"மாப்பிள்ளை வந்து சொல்லிக் கூட்டிட்டுப் போவாரும்மா. அவருக்கு என்னைப் புதுசாவா தெரியும்?"

"ஆமா. தெரிஞ்சவர்தானே," என்று அம்மா மெல்லச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

தெரிந்தவர்தான். அக்காவின் கணவர். போன மழைக்காலம் வரை சின்னவளுக்கு அத்தான்.

பட்டறையின் கோடியில், தார்ப்பாய்க்கு அடியில் அக்காவின் கார் நின்றது. மலைச்சாலை இறக்கத்தில் இன்ஜினை ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, இன்ஜின் பட்டென்று அடங்கி, பிரேக் கல்லாக இறுகி, வளைவில் திரும்பாமல் நேராக நீர்த்தேக்கத்தில் இறங்கிய கார். அக்காவை மறுநாள்தான் எடுத்தார்கள். விபத்தைப் பார்க்க வந்த அதிகாரி எண்ணெய் ஊற்றும் துளைக்குள் டார்ச் அடித்து, உள்ளே தண்டு சுழலாததைப் பார்த்து, பெல்ட் அறுந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார். பெல்ட்டின் மூடியைக் கழற்றக்கூட இல்லை.

அந்தப் பெல்ட்டை மாட்டியவள் சின்னவள்.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை அரித்தது. அத்தான் ஒருவர்தான் வாய்விட்டுப் பேசினார். "உன்மேல தப்பில்ல குட்டி. ஊரே சொன்னாலும் நான் நம்பமாட்டேன்." மூழ்குகிறவளுக்கு ஒரு துரும்பு. அதைப் பிடித்துக்கொண்டே அவள் கல்யாணம்வரை வந்துவிட்டாள். அத்தானுக்கு உதிரிபாகக் கடை. "அந்த வண்டியக் காயலான் கடைக்குத் தள்ளிடு, பார்த்தாலே நெஞ்சு அடைக்குது," என்று அவர் சொன்னபோது சரி என்றாள்; பிறகு விற்றுவிட்டதாகவும் சொன்னாள். ஆனால் தள்ளவில்லை. தன் கையால் செத்த இன்ஜினைத் தன் கையாலேயே ஓடவைத்துவிட்டால், அக்காவின் முகத்தை நினைத்துப் பார்க்கும் தைரியம் வரும் என்று தோன்றியது. அதை இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் செய்துவிட வேண்டும்.

தார்ப்பாயை இழுத்தாள்.

தேங்கிய தண்ணீரின் வாடை எழுந்தது. பாசி, சேறு, அழுகிய இலை. இத்தனை மாதம் காய்ந்து கிடந்த வண்டியில் எப்படி இவ்வளவு ஈரம்?

நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி நட்டு போடும் தட்டில் வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தாள். பேட்டரி இருந்த இடம் காலி. அதை அவளே எப்போதோ எடுத்துவிட்டாள். ஜாக்கி வைத்துத் தூக்கி, பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை நோக்கி டார்ச்சைத் திருப்பினாள்.

டொக். டொக்.

உலோகத்தின் மேல் மோதிரம் தட்டும் ஓசை.

அக்கா வண்டியில் ஏறுமுன் பானெட்டை அப்படித்தான் தட்டுவாள். "எழுந்திருடா செல்லம், வேலைக்குப் போகணும்." எத்தனை முறை இவள் கேலி செய்திருக்கிறாள்!

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கூரை ஒழுகவில்லை.

உறையின் மேல்மூடி போல்ட்டில் ஸ்பேனரை வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து மூடிவரைக்கும் ஒரே நேர்கோடு இழுப்பது அவள் பழக்கம். யாராவது பிறகு திறந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு அக்கா தீர்ந்துபோகிற நகப்பாலிஷ் புட்டிகளைத் தருவாள். இந்த வண்டிக்குச் சின்னவள் போட்டது அரக்குச் சிவப்பு.

அரக்குக் கோடு உடைந்திருந்தது. மூடியில் இருந்த பாதி ஒரு பக்கம், போல்ட் தலையில் இருந்த பாதி மறுபக்கம்.

அதன் பக்கத்தில், நேராக, புதிதாக இன்னொரு கோடு. ரோஜா நிறம்.

எல்லா போல்ட்டிலும் அதே ரோஜா.

அந்த நிறம் சின்னவளுக்குத் தெரியும். அக்காவைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது நகங்களில் இருந்த நிறம். அந்தப் புட்டி இவள் கைக்கு வந்ததே இல்லை. அக்காவின் அலங்கார மேசையில் பாதி நிறைந்தபடி இருந்தது. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

மேல்மூடியை மட்டும் கழற்றி, அறுந்த பெல்ட்டை மேலிருந்தே உருவி எடுத்தாள். தானாக அறுந்த பெல்ட் நூல் நூலாகப் பிய்ந்திருக்கும். இதிலும் அறுந்த முனையின் அகலத்தில் ஒரு பாதி அப்படித்தான் இருந்தது. மறுபாதி, பிளேடால் கீறிய காகிதம்போல நேராக.

டொக். டொக்.

இந்த முறை ஓசை இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா…" என்றாள்.

"யார்கூடப் பேசற?"

வாசலில் அத்தான். குடையை மடக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தவர், காரைப் பார்த்ததும் நின்றார். சிரிப்பு மட்டும் உதட்டில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"இத வித்துட்டேன்னு சொன்னியே குட்டி."

"பாதிதான் அறுந்திருக்கு அத்தான்." பெல்ட்டை அவர் பக்கம் நீட்டினாள். "மீதி பாதிய வெட்டியிருக்காங்க."

அவர் திரும்பிப் போய் ஷட்டரைப் பாதிவரை இறக்கினார்.

"மாட்டினது யாரு?" என்று அன்பாகவே கேட்டார். "நீ. ஊருக்கெல்லாம் தெரியும். இப்ப வெட்டியிருக்குன்னு போய்ச் சொன்னா, வெட்டினது யாருன்னு கேப்பாங்க. கூடப்பிறந்தவ புருஷனையே கட்டிக்கப் போறவ சொல்றத எவன் நம்புவான்?"

"ஏன் அத்தான்? அவ என்ன பண்ணினா உங்கள?"

"என்னை விட்டுப் போறேன்னா. உன்கிட்ட வந்து இருக்கப்போறாளாம். என்கிட்டேருந்து யாரும் அப்படிப் போனதில்ல." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் போகமாட்ட."

அலமாரியிலிருந்து, பெயிண்ட் கரைக்கும் தின்னர் புட்டியை எடுத்துத் துணியை நனைத்தார். பெல்ட்டை அவள் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கழற்றிக் கிடந்த மேல்மூடியையும் அதன் போல்ட்டுகளையும் துடைத்துவிட்டு, இன்ஜின்மேல் குனிந்து, மிச்ச ரோஜாக் கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். கீழ்மூடி போல்ட்டுகள் ஆழத்தில் இருந்தன. கை முழங்கைவரை உள்ளே போனது.

டொக். டொக்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தட்டாத," என்று மட்டும் எரிச்சலாகச் சொன்னார்.

சின்னவள் சுவரோரம் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு.

இன்ஜின் சுழன்றது.

பேட்டரி இல்லாமல். பெல்ட் இல்லாமல். முதலில் மெதுவாக, தூங்கி எழுகிறவள் முறிக்கும் சோம்பல்போல. பிறகு பற்சக்கரம் சட்டைக் கையைக் கவ்வியது. சட்டையோடு விரலை. விரலோடு கையை.

அவர் அலறினார். அலறல் பாதியிலேயே கொப்பளிக்கும் ஓசையாக மாறியது.

சின்னவள் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் கனத்துக்கிடந்தார், தண்ணீரில் ஊறிய மரம்போல. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. பழுப்புத் தண்ணீர், பாசியோடு, நின்றபாடில்லை.

பானெட் இறங்கியது. விழவில்லை. ஒரு பெண் கார்க்கதவைச் சாத்துவதுபோல, மெதுவாக, அவர் முதுகின்மேல் வந்து அமர்ந்தது.

டொக். டொக்.

இன்ஜின் நின்றது.

காய்ந்த தரையில், ஒரு பட்டறைக்கு நடுவில், நுரையீரல் நிறையத் தண்ணீரோடு ஒருவர் எப்படிச் சாகமுடியும் என்று மருத்துவமனையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காவல்துறை பெல்ட்டையும், துடைக்க எட்டாமல் மிஞ்சிய கோடுகளையும், அக்கா மேசையில் இருந்த நகப்பாலிஷ் புட்டியையும் எடுத்துக்கொண்டது. அம்மா அழுதாள். யாருக்காக என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அழுகைக்கு நடுவே, "போய்க் கைய கழுவுடி," என்றாள்.

சின்னவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இவ்வளவு நாள் நெஞ்சில் கிடந்த பாறை இறங்கிவிட்டிருந்தது. நான் கொல்லவில்லை. நான் கொல்லவில்லை.

கறுப்பு கரைந்து ஓடியது. இடதுகை மோதிர விரலில் மட்டும் ஏதோ மிச்சமிருந்தது.

ரோஜா நிறம்.

நகத்தின் நடுவில் தொடங்கி, நகம் முடியும் இடத்தைத் தாண்டி, தோலின்மேல் ஏறி, மோதிரம் இருந்த தடத்தைக் கடந்து, ஒரே நேர்கோடு. போல்ட்டை முறுக்கி முடித்தபின் அவள் இழுக்கும் அதே கோடு. கை நடுங்காமல் இழுத்தது.

அக்காவின் வீட்டுக்காரரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்து மோதிரம் போட்ட விரல்.

தேய்த்தாள். சோப்பு, மண்ணெண்ணெய், கடைசியில் தின்னர். கோடு மங்கவில்லை. தொட்டால் இன்னும் ஈரமாகவே இருந்தது.

கதவுக்கு வெளியே, தாழ்ப்பாளின்மேல், மோதிரம் தட்டும் ஓசை கேட்டது.