கவர் பிரிக்காத கூரை

உரிவண்டு என்ற அந்தச் சின்ன இயந்திரம் கூரைமேல் ஒரு முழம் ஊர்ந்து, முக்கி முனகி, நின்றுவிட்டது. "நின்னுபோச்சா?" என்று கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நவநீதம் பதறினாள்.

"பயப்படாதீங்கக்கா, சூடேத்துது," என்றாள் ஏணியில் நின்ற ஷாகிரா. தாள் உரிக்கும் கம்பெனியிலிருந்து வண்டை எடுத்து வந்தவள். "ஆவி அடிச்சு, பசை இளகினாத்தான் இழுக்கும். வெயில்ல வெந்து வெந்து தாளும் தகடும் ஒண்ணாப் போச்சு. எந்த மகராசன் இத்தன வருஷம் இத விட்டு வச்சது?"

அந்த மகராசன் தனகோட்டி, நவநீதத்தின் புருஷன், நெஞ்சில் ஈரத்துண்டோடு உள்ளே கட்டிலில் கிடந்தார்.

வேலூரில் எல்லார் வீட்டுக் கூரையும் குளிர்த்தகடுதான். அலுமினியத் தகட்டின்மேல் ஒரு மெல்லிய பூச்சு. வீட்டுச் சூட்டை எடுத்து நேரே வானத்துக்கு அனுப்பிவிடும். மின்சாரம் வேண்டாம். பகலில் குளிரூட்டி போடக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, கோடையில் மனிதன் உயிரோடு இருக்க அது ஒன்றுதான் வழி. கண்டுபிடித்தவர்கள் புயலை யோசித்தார்கள், புழுதியை யோசித்தார்கள், கூரையில் குதிக்கும் குரங்கைக்கூட யோசித்தார்கள். கீறல் விழாமலிருக்க நீலத்தில் ஒரு காப்புத்தாளை ஒட்டி, 'பொருத்தியதும் உரித்துவிடவும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து அனுப்பினார்கள். நம் ஆட்கள் உரிப்பார்கள் என்று நம்பினார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

நம் ஆட்களா உரிப்பார்கள்! டி.வி. ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு, உறைமேலேயே அழுத்தி அழுத்தி எண் தெரியாமல் போனாலும் உறையைக் கழற்றாதவர்கள். காரை விற்கிற அன்றைக்கும் சீட்டில் கவர் இருக்கும். தெருவில் ஒரு வீட்டிலும் தாளை உரிக்கவில்லை. தாள் போனால் புதுசு போய்விடுமாம். தாளைத் தாண்டிச் சூடு வெளியேறாது என்பது யார் காதிலும் ஏறவில்லை. முதல் கோடையில் வீடுகள் புழுங்கின, அடுத்த கோடையில் வெந்தன. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் என்று தெருவே கூடி நின்று திட்டியது.

போன கோடையில் தனகோட்டி பஸ் பணிமனையில் வெப்பம் தாக்கிச் சுருண்டு விழுந்தார். பிழைத்ததே பெரிய காரியம். "உடம்பு தன்னால ஆறுற சக்தி போயிடுச்சும்மா. வீடு குளிர்ச்சியா இருந்தா ஆள் இருப்பாரு. இல்லேன்னா வர்ற கத்திரி வெயிலத் தாண்ட மாட்டாரு," என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நவநீதம் கூரையோடு மல்லுக்கு நின்றாள். வெந்நீர் ஊற்றினாள், தேங்காய் எண்ணெய் தடவினாள், தோசைத் திருப்பியால் சுரண்டினாள். விரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். வேறு வழி தெரியாமல்தான் ஷாகிராவை வரவழைத்தாள்.

டர்ரென்று ஒரு சத்தம். வண்டு பின்னால் நகர நகர, நீலத் தாள் பாய் அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் தகடு பளபளத்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நவநீ! இங்க வாயேன். கட்டிலாண்ட ஜில்லுனு எறங்குது. மாமரத்துக்கு அடில படுத்தாப்ல கீதுமே!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து ஒரு வருஷமாயிற்று.

அதோடு படுத்திருக்கலாம் அல்லவா? எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கூரையைப் பார்த்தார்.

"ஐயய்யோ, இன்னாமே அது கோடு?"

"தோசைத் திருப்பி பட்டதுங்க."

"கீறலாக்கி வச்சிருக்கியே! ஏம்மா, நிறுத்து அந்த வண்ட!"

"மயிரிழைக் கோடுண்ணா," என்றாள் ஷாகிரா. "அதனால ஒண்ணும் கொறையாது. தாள் இருந்தாத்தான் தகடு வேலை செய்யாமத் தூங்கும்."

"புதுத் தகடும்மா! தொட்டாப் பழசாயிடும்."

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. "கோட்டி சொல்றது நாயந்தான் தங்கச்சி. என் கூரையப் பாரு, கடையிலேர்ந்து வந்தாப்லயே கீது."

நவநீதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், தகடு பழசாவக் கூடாது, உன் உயிரு போனாப் பரவால்லியா?"

தெருவே பார்க்க அவள் 'யோவ்' என்றதுதான் அவருக்குக் கேட்டது, மிச்சம் கேட்கவில்லை. ஏணியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஷாகிரா வண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வாசலில் ரகசியமாகச் சொன்னாள்: "உரிச்ச எடத்துக்கு நேரா கட்டிலப் போட்டு வைங்கக்கா. அதுவே காப்பாத்தும்."

அப்படியே போட்டாள். காப்பாற்றவும் செய்தது. கத்திரி பிறந்தும் தனகோட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், வம்பு பேசினார். நவநீதம் கும்பிடாத சாமி இல்லை.

ஒரு நாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்றுவிட்டு மத்தியானம் திரும்பினாள். வீடு அடுப்பாகக் கொதித்தது. வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள். உரித்த இடத்தில் புத்தம்புது நீலத் தாள், ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது.

"ஏகாம்பரந்தான் ஒட்டிக் குடுத்தான்," என்றார் கட்டிலில் கிடந்த தனகோட்டி, நாக்கு குழற. "இனிமே கீறல் விழாது."

அவர் நெற்றியைத் தொட்ட கை சுட்டது. துண்டை நனைத்துப் போட்டாள், தலையில் குடம் குடமாக ஊற்றினாள், ஏணியில் ஏறி வெறுங்கையால் தாளைப் பிய்த்தாள். புதுத் தாள், சுலபமாகத்தான் வந்தது. இறங்கி வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

சாயங்காலம் குளிர்ப்பெட்டி வந்தது. அதுவும் குளிர்த்தகடுதான். "பந்தல் போடாதீங்க, பெட்டி வானத்தப் பாக்கணும்," என்று சொல்லி, நடுத்தெருவில் இறக்கினார்கள். தகட்டில் ஒரு துளி தாள் கிடையாது. தனகோட்டி உள்ளே சில்லென்று படுத்திருந்தார். ஓரமெல்லாம் பனி பூத்திருந்தது.

ஏகாம்பரம் தேம்பிக்கொண்டே மாலை போட்டார். போட்ட கை பெட்டியை விட்டு வரவில்லை. பளபளப்பைத் தடவிப் பார்த்தது.

"கவரப் பிரிச்சுட்டானுங்களே தங்கச்சி," என்றார் மூக்கை உறிஞ்சி. "இப்பிடி வச்சா எத்தன நாளைக்குப் புதுசா இருக்கும்?"

"பிரிச்சாத்தானேய்யா குளிரும்!" என்று நவநீதம் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். "பிரிச்சாத்தானேய்யா குளிரும்!"

அவள் ஒப்பாரியை எடுத்துவிட்டாள் என்று நினைத்து, தெருப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, அதே அடியைச் சேர்ந்து பாடி அழுதார்கள்.