குறுக்கே நட்ட முள்வேலி

முள்ரோஜாப் புதர்கள் கண்டபடி மண்டிக் கிடக்கவில்லை, வரிசையாக நின்றன. இருபது வருடமாக யாரும் போகாத அந்த மேட்டுப் பாதையின் ஓரங்களை விட்டுவிட்டு, பாதைக்குக் குறுக்கே மூன்று வரிசை. ஒவ்வொரு தூருக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. வெர்லின் தன் சின்ன டிராக்டரில் உட்கார்ந்தபடியே பக்கத்துப் பண்ணை கிளெட்டஸுக்குப் போன் போட்டான்.

"அதுவா மொளச்சிருக்காதுடா," என்றான் கிளெட்டஸ். "எங்கப்பா காலத்துல சர்க்காரே நாத்து குடுத்துச்சு, மாட்டுக்கு வேலியா வைங்கன்னு."

"மாட்டு வேலின்னா ஓரமா வைப்பான். குறுக்க எதுக்கு நட்டான்?"

"அத மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும். இருட்டுறதுக்குள்ள வேலைய முடி."

முடித்தே ஆகவேண்டும். வசந்தகால வெள்ளம் ஓடைப் பாலத்தைக் கொண்டுபோனதிலிருந்து வீட்டுக்கு வண்டி வர வழியில்லை. போன மாதம் மனைவி நோரீனுக்கு நெஞ்சு அடைத்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். நாற்பது நிமிடம். அடுத்த தடவை அவ்வளவு நேரம் கிடைக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது இந்தப் பழைய பாதை ஒன்றுதான்.

டிராக்டரின் முன்கை லோடரில் எதை மாட்டுவது என்று ஒரு வாரம் வாக்குவாதம் ஓடியது. புதர்வெட்டி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கூரான கட்டைகள் நின்று ஆம்புலன்ஸ் டயரைக் கிழிக்கும். இரும்புப் பற்களால் கவ்வி வேரோடு பிடுங்கும் கிராப்பிள்தான் சரி என்றான் கிளெட்டஸ். "என் இதயத்த விட அந்தப் பல்லப் பத்திதான் உனக்குக் கவலை, கிழவா," என்று படுக்கையிலிருந்து வெர்லினைப் பார்த்துச் சிரித்தாள் நோரீன். அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாது என்றுதான் அவனுக்கு அத்தனை பயம்.

முதல் வரிசை சுலபமாக வந்தது. இரண்டாவதில் வேர்கள் நெடுநேரம் பிடிவாதம் பிடித்துவிட்டு, ஈரத்துணி கிழிவதுபோல் சத்தமிட்டுக்கொண்டு, டீசல் புகையையும் மீறி நாசியில் ஏறிய ஒரு புளித்த மண்வாடையோடு மேலே வந்தன. மூன்றாவது வரிசையின் கடைசித் தூரைப் பிடுங்கியபோது காகங்கள் கத்துவதை நிறுத்தியிருந்தன. வேலிக்கு அப்பால் பாதை கறுப்பாகக் கிடந்தது. நவம்பர் மாதம், மேலே ஓக் மரங்கள், இருந்தும் அந்த மண்ணில் ஒரு சருகு கூட இல்லை.

முட்களைக் குவியலில் கொட்டிவிட்டு வெறும் கிராப்பிளோடு வீட்டுப் பக்கம் திரும்பினான். எஞ்சின் முனகியது. ஸ்டியரிங் கனத்தது. குனிந்து பார்த்தான். முன் டயர்கள் இரண்டும் அரை டன் சுமந்ததுபோல் பிதுங்கியிருந்தன.

கிராப்பிளைத் திறந்து உதறினான். நாலு வேர்த்துண்டும் கொஞ்சம் மண்ணும் விழுந்தன. டயர்கள் அப்படியே பிதுங்கியிருந்தன. ஹைட்ராலிக் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஹைட்ராலிக் கோளாறு டயரை அமுக்காது என்பது அவனுக்கே தெரியும். ஐந்து மணிக்கு நோரீனுக்கு மாத்திரை. மணி நாலே முக்கால். சரிவில் இறக்கினான்.

பாதிச் சரிவில் பின்சக்கரங்கள் லேசாகிவிட்டன. பின்னால் பாரத்துக்கென்று கட்டிய கான்கிரீட் கட்டை இருந்தும், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அவை தரையை விட்டு எழும்பி விழுந்தன. பிரேக்கை மிதித்தான். பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கும். பிடிக்கவில்லை. குதிக்கலாமா? அவன் எடையும் போனால் வண்டி மூக்கு குப்புறக் கவிழும். இந்த மாதிரி நேரத்தில் லோடரைத் தரையில் இறக்கினால் வண்டி நின்றுவிடும். நெம்புகோலை முழுதாகத் தள்ளினான்.

லோடர் இறங்கவில்லை.

இடுப்புயரத்தில் நின்றது. வண்டி தன் போக்கில் போனது. அந்த மண்வாடை இப்போது முன்னாலிருந்து வந்தது, அவன் முகத்தின் மேல், விட்டு விட்டு, ஒரே சீராக.

வீட்டு முற்றம். வாசல் படிக்கு நேர் எதிரே எஞ்சின் தானாக அணைந்தது. நெம்புகோலில் அவன் கை இல்லை. லோடர் மெதுவாக, எதையோ சேதமில்லாமல் இறக்கி வைப்பதுபோல், தரையைத் தொட்டது.

முன் டயர்கள் சட்டென்று நிமிர்ந்தன.

படிக்கட்டின் முதல் பலகை கிறீச்சிட்டது. இரண்டாவது. மூன்றாவது.

"நோரீன்." கீழே குதித்தான். விழுந்தான். எழுந்தான். வலைக்கதவு திறந்து, தானே மூடியது. ஓடினான். கூடம். நடை. படுக்கையறை.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

"கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" என்றாள் தூக்கக் கலக்கத்தில், கண்ணைத் திறக்காமல். "பாதை முடிஞ்சுதா? சரி, தள்ளிப் படு. மூச்சு முட்டுது."

வெர்லின் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றான். அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலில் அவன் படுக்கும் பக்கம் காலியாக இருந்தது. மெத்தை மட்டும் ஆழமாக அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் அமுங்கியது, கட்டில் சட்டம் முனகியது, நோரீனின் உடல் மெல்ல மெல்ல அந்தப் பள்ளத்துக்குள் சரிந்தது.