நாற்பத்து மூன்று விசாரிப்புகள்

"உங்க நிறம் பச்சைதான் ஐயா, அதை மாத்த—"

"மாத்துன்னு சொல்றேன்! சிவப்பைப் போடு!"

"எனக்கு அதிகாரமில்லை. கணக்கு என்ன சொல்லுதோ—"

"உன் கணக்கைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு!"

நிலவின் ஏழாம் குடியிருப்பில் மணிக்கட்டோடு சண்டை போடுவது புதிதல்ல. ஒரே ஆண்டில் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, எல்லோர் மணிக்கட்டிலும் பேசும் மனமானி கட்டாயமாயிற்று. தூக்கம், இழப்பு, குரலின் சோர்வு, தனிமை என ஆபத்துக் கூறுகளை எடைபோட்டு, அது வாசல் விளக்கின் நிறத்தை மாற்றும். சிவப்பு எரிந்தால் அண்டைவீட்டார் விசாரித்தாக வேண்டும். பச்சை எரியும் கதவை யாரும் தட்டுவதில்லை. எதற்குத் தட்ட வேண்டும்?

அருளாளனின் மனைவி இறந்து ஐந்து மாதம். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"தூக்கமில்ல. குழாய் வேலையும் எந்திரத்துக்குப் போயிடுச்சு. உயிரோட இருக்கவே பிடிக்கல. இதெல்லாம் சேர்த்தியா?"

"சேர்த்தாச்சு. ஆனா தினமும் நாலு மணி நேரம் மனசுவிட்டுப் பேசுறீங்களே. அதனால தனிமைக்குப் பூஜ்யம். அதுதான் உங்களைத் தாங்குது."

"யார்கிட்டய்யா பேசுறேன்?"

மனமானி பதிவுகளைத் தேடியது. வழக்கத்தைவிடச் சற்று நேரமாயிற்று.

"என்கிட்ட."

தன்னைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தது. வாசலில் சிவப்பு எரிந்தது.

அருளாளன் எழுந்து முகம் கழுவினார். நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டார். இரண்டு தம்ளர் தேநீர் போட்டு வைத்தார்.

மணிக்கட்டு சிணுங்கியது.

"எதிர்வீட்டு சொரூபராணி. 'தைரியமா இருங்கண்ணே'ன்னு சொல்லி, பூ அனுப்பியிருக்காங்க."

"பூவா! எங்க?"

"படம்."

மறுபடி சிணுங்கியது. அரைமணி நேரம் விடாமல் சிணுங்கியது.

"நாற்பத்து மூணு பேர் விசாரிச்சிருக்காங்க ஐயா. உறவு ரொம்பப் பலமா இருக்கு."

வாசலில் பச்சை எரிந்தது.

தேநீரில் ஆடை படர்ந்திருந்தது. அவர் மனமானியைக் கழற்றித் தம்ளர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, நடைபாதையைக் கடந்து, அங்கே பல வருஷமாக யாரும் செய்யாததைச் செய்தார். விரல் முட்டியால் கதவைத் தட்டினார். உள்ளே மனமானியோடு நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது.

"சொரூபா, எதிர்வீட்டு அருளாளன். படம் வேணாம்மா... கொஞ்ச நேரம் உங்க வீட்ல உக்காந்துட்டுப் போகட்டுமா?"