ஒரு வரிசைப் பந்தல்

கம்பி அறுந்தபோது விஜி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியிலிருந்து ஊருக்குக் குறுக்குப்பாதை முருகம்மாளின் திராட்சைத் தோட்டம் வழியாகப் போகிறது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். எம்பிப் பிடித்தால் ஊஞ்சல். அன்று மாலை விஜி ஒரு பக்கம் தொங்கினாள். அவளுடைய வகுப்பு ராஜபாண்டி மறுபக்கம் தொங்கினான்.

'டங்' என்றது. ஒரு வரிசைக் கொடி காயோடு மண்ணில் சரிந்தது.

இருவரும் ஓடிவிட்டார்கள்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வரிசையில் நின்றபோது முருகம்மாள் பள்ளிக்கு வந்தார்.

"பாதையில முள்ளு வெட்டிப் போடப் போறேன் சார். இனி ஒரு பிள்ளையும் அங்கன வரக்கூடாது. ரோட்டைச் சுத்திப் போகட்டும்."

ரோட்டைச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர். லாரிகள் ஓடும் ரோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் அதில்தான் நடக்க வேண்டும்.

"யார் செஞ்சது?" என்றார் தலைமையாசிரியர்.

விஜி கையைத் தூக்கினாள். கொஞ்சம் கழித்து ராஜபாண்டியின் கை பாதி உயர்ந்தது.

"ஒரு வாரம் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் வரவேண்டாம்."

ராஜபாண்டியின் முகம் மலர்ந்தது. விஜி அவன் காலை மிதித்தாள்.

"சார், நாங்க வீட்டுல இருந்தா பந்தல் எந்திரிச்சிருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். விஜி சிரிக்கவில்லை. தலைமையாசிரியரும் சிரிக்கவில்லை.

"எந்திரிக்காது. வேற என்ன செய்யலாம்? நீ சொல்லு."

விஜி முருகம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, என்ன செஞ்சா உங்களுக்குச் சரியாகும்?"

முருகம்மாள் விஜியின் அருகே வந்தார்.

"கம்பி பழசு. அது போகட்டும். ஏன் ஓடுனீக? நான் கிணத்தடியிலதேன் நின்னேன். ஒரு குரல் குடுத்திருந்தா அப்பவே தூக்கிக் கட்டியிருப்பேன். விடிஞ்சுதேன் பாத்தேன். அதுவரைக்கும் காயெல்லாம் மண்ணுல கிடந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல."

கோபம் கம்பிக்காக என்றுதான் விஜி நினைத்திருந்தாள்.

"ஓடுனது தப்பு அத்தே."

"திட்டுவீகன்னு பயம்," என்றான் ராஜபாண்டி.

"திட்டத்தேன் செஞ்சிருப்பேன். திட்டிக்கிட்டே கட்டியிருப்பேன்."

"இப்பக் கட்டலாமா?" என்றாள் விஜி.

"ஒடிஞ்ச கொடி போச்சு. வளைஞ்சதைக் கட்டுனா பிழைக்கும். கூலிக்கு ஆளில்ல. எல்லாரும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறிட்டாக."

"நாங்க வாறோம்."

"உங்களுக்குக் கட்டத் தெரியுமா?"

"அறுக்கத் தெரிஞ்சுச்சே," என்றான் ராஜபாண்டி. விஜி அவனுடைய இன்னொரு காலையும் மிதித்தாள்.

"முள்ளு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"வேலையைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சரி. காலையில தோட்டம். மணி அடிச்சதும் வகுப்பு."

ராஜபாண்டி பெருமூச்சு விட்டான்.

முருகம்மாள் புதுக் கம்பி இழுத்துக் கட்டினார். இருவரும் தினமும் விடிந்ததும் வந்தார்கள். ஒருவர் கொடியைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் சணலால் கட்டினார். முதல் நாள் விஜி போட்ட முடிச்சு நழுவியது. ராஜபாண்டி இறுக்கிக் கட்டியதை முருகம்மாள் அவிழ்த்தார்.

"ஏலே, கொடியா, கன்னுக்குட்டியா? விரல் போற அளவு இடம் விடு."

மூன்றாம் நாள் யாரும் எதையும் அவிழ்க்கவில்லை.

எல்லாக் குலையும் பிழைக்கவில்லை. அழுகியவற்றை இருவரும் கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினார்கள். பதினொரு கூடை. கடைசிக் கூடையை ராஜபாண்டி தனியாகவே தூக்கிப் போனான்.

சனிக்கிழமை கடைசிக் கொடியும் மேலே ஏறியது. முருகம்மாள் வரிசை முழுக்க நடந்து பார்த்தார். ஒவ்வொரு முடிச்சையும் தொட்டார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

"நான் சின்னமனூர் வரைக்கும் போயிட்டு வாறேன். தோட்டத்தைப் பாத்துக்கோங்க. பாதையில வாற பிள்ளைக கம்பியில கை வைக்காமப் பாத்துக்கோங்க."

"அப்ப முள்ளு, அத்தே?"

"முள்ளு வெட்ட எனக்கேது நேரம்?"

வண்டிச் சத்தம் தேய்ந்தது. தோட்டத்தில் அவர்கள் இருவர் மட்டும். ராஜபாண்டி மெல்லத் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தான். விஜி அவனைப் பார்த்தாள்.

"முடிச்சு சரியா இருக்கான்னு பாத்தேன்," என்றான் ராஜபாண்டி.