இடிவாயனுக்கு மூன்று தேங்காய்

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் அந்திச் செம்மை வடியும் முன்பே பௌர்ணமி நிலவு எழுந்து, எதிர்க்கரையில் நின்ற கருமேட்டுக் கோட்டையின் மதிலுக்கு வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்தது. அந்த அழகை ரசிக்கும் நிலையில் சாத்தன் இல்லை, வாசகர்களே! அவன் எதிரே நின்றது இடிவாயன். நேற்றைய போரில் கோட்டையாரிடமிருந்து பகைவர் பறித்த பீரங்கி. அதன் வாய் இப்போது அதே கோட்டையை நோக்கித் திரும்பியிருந்தது. தெற்கே சென்ற கோட்டை மன்னர் படையோடு திரும்ப மூன்று நாளாகும். மதிலோ இடிவாயனுக்கு முன் மூன்று நாழிகை தாங்காது.

"கோட்டையிலிருந்து ஓடிவந்த பீரங்கிக்காரன் நீதானா? மீசைகூட முளைக்கலையே!" என்று நகைத்தார் பகைவரின் தளவாய் ரங்கப்பர்.

"வெடிமருந்துப் பக்கத்துல மீசையைக் கொண்டு போனா கருகித்தான் போகும், தளவாய்!"

சிப்பாய்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"இது என்னென்னத்துக்கு முழங்கியிருக்கு? சொல்லு."

"கோட்டைக் கதவு சாத்த, தினம் அந்திக்கு ஒரு வெடி. ஆத்துல வெள்ளம் வந்தா மூணு. விருந்துக்கு வர்ற ராசாவுக்கு ஏழு. இளவரசி பொறந்தப்ப இருபத்தொண்ணு. எதிரி வந்தா கணக்கே கெடையாது. சொந்த ஊரைப் பாத்து மட்டும் இது வாய் தொறந்ததில்லீங்க."

"இன்னிக்குத் தொறக்கும்!"

"அதுக்கு முன்னாடி பூசை போடணும். மூணு தேங்கா ஒடைக்காம திரி வச்சவன் கை தங்காது."

திரி ஏந்தி நின்றவன் ஓரடி பின்வாங்கினான். வேறு வழியின்றித் தளவாய் தலையசைத்தார்.

சாத்தன் குழல் நெடுகச் சந்தனம் பூசினான். தலையைச் சொறிவதுபோல் தலைப்பாகைக்குள் கைவிட்டு, சாண் நீள எஃகு ஊசியொன்றை உருவி, திரி வைக்கும் துளையில் நட்டான். மேலே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். அந்தக் குங்குமத்தின் மேலேயே முதல் தேங்காய் இறங்கியது. அடுத்தது. மூன்றாவது உடைந்தபோது, ஊசி இறுகிவிட்டதை அவன் உள்ளங்கை அறிந்தது.

"வையடா திரியை!"

நெருப்பு சந்தனத்தை நக்கியது, அணைந்தது. தளவாய் விரலால் வழித்துப் பார்த்தார். அடியில் எஃகு மின்னியது.

"துரோகி!" சிப்பாய் ஒருவன் பாகையைப் பற்றி இழுத்தான். ஊசி இழந்த கூந்தல் இடைக்குக் கீழே சரிந்து விழுந்தது.

"அதைக் குடைஞ்செடுக்கப் பத்து நாளாகும், தளவாய். எங்கப்பா மூணே நாள்ல வந்துடுவார்!"

"நீ... நீர் யார்?"

"இருபத்தோரு வெடி யாருக்குன்னு சொன்னேனே, அதுக்குள்ள மறந்துட்டீரா?"

சொல்லி முடித்தவள் கரையிலிருந்து ஆற்றுக்குள் பாய்ந்தாள். துப்பாக்கிகள் சீறின, சிதறியது நிலவொளி மட்டும்தான்.

அன்றைய அந்திக்கு இடிவாயன் முழங்கவில்லை. ஆனாலும் கருமேட்டுக் கோட்டையின் கதவு ஒருமுறை திறந்தது. ஈரக் கூந்தலோடு இளவரசி உமையரசி உள்ளே நுழைந்ததும், பகைவர் காதில் விழும்படி ஓங்கிச் சாத்திக்கொண்டது.