விமல் செய்த விரல்

விமல் செய்த விரலில் ஈ உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தட்டில் பென்னி செய்த விரலும் கிடந்தது. இரண்டும் சிலிக்கான் ரப்பர். இரண்டிலும் அதே குளுக்கோஸ் பாகு, அதே சிவப்புச் சாயம். பென்னியின் விரலை ஈ சீண்டவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம், இரும்பு மில்களுக்கு நடுவே, சினிமாவுக்கு வெட்டுக்காயங்கள் செய்யும் கொட்டகை அது. இப்போதெல்லாம் டீசரிலேயே தலை விழுகிறது. படத்துக்குள் அதைவிடக் கூட வேண்டியிருக்கிறது. அறுந்த தலை, சரிந்த குடல் என்றால் இங்கே பென்னிதான். போன வருடம் விமல் வரும்வரை. இன்று சாயங்காலம் இயக்குநர் வருகிறார். திரையை நிறைக்கப்போகும் ஒற்றை விரலுக்கு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். மற்றவருக்கு இனி இங்கே வேலையில்லை.

"இன்னாண்ணா, அதையே மொறைச்சிக்கினு இருக்க? கண்ணு பட்டுடப் போவுது" என்று சிரித்தான் விமல்.

"பாகுல இன்னாடா கலந்த?"

"நீ சொல்லிக்குடுத்த பாகுதாண்ணா. நான் மில்லுல இருந்தப்ப ரோலருல ஒருத்தன் விரலு போச்சி. கெடந்தத நான்தான் கவர்ல எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். அத்த நெனைச்சிக்கினு செஞ்சேன். நீ இன்னாத்த பாத்து செஞ்ச?"

பென்னி பார்த்ததெல்லாம் படங்கள்தான்.

விமல் டீ வாங்கப் போனான். பக்கத்து மில்லின் இரைச்சல் தகரச் சுவரைத் தாண்டி வந்து மேசையை மெல்ல அதிரவைக்க, சுட்ட இரும்பின் வாடையும் பாகின் இனிப்பும் தொண்டையில் ஒட்டிக்கொள்ள, கூரையில் தொங்கிய ரப்பர் கைகால்களின் நிழல்கள் அந்தி வெளிச்சத்தில் சுவர்வழியே நீண்டு இறங்குவதைப் பார்த்தபடி பென்னி நின்றான். அந்த அதிர்வில் விமலின் விரல் லேசாக மடங்கியது போலிருந்தது.

இல்லை. மடங்கியது.

பென்னிக்கு வேர்த்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாகப் பொறாமை எழுந்தது. நிஜ விரலைக் குனிந்து பொறுக்கும் பாக்கியம் விமலுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

பார்க்க வேண்டும். ஒருமுறை. கிட்டத்தில்.

தகடு வெட்டும் கத்தரி ஆணியில் தொங்கியது. கதவைச் சாத்தினான். தன் ரப்பர் விரலைக் குப்பையில் போட்டான். தட்டு காலி.

பல்லுக்கிடையில் துணி. இடது கை.

மில் இரைந்துகொண்டே இருந்தது.

இயக்குநர் வந்தபோது பென்னி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவர் விமலின் தட்டருகே குனிந்தார்.

"யப்பா! ஒடம்பே சிலிர்க்குது. தியேட்டர்ல ஒருத்தன் பாப்கார்ன் துன்ன மாட்டான்."

அடுத்த தட்டு. பேனா நுனியால் புரட்டினார்.

"இது யாரோடது?"

"என்னுது சார்."

"ரப்பர்னு தெரியுதே பென்னி."

விமல் தட்டைப் பார்க்கவில்லை. பென்னியின் காலடியில் சிமென்ட் தரையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க சார் கொறை?" பென்னி ஆவலாக ஓரடி முன்னால் வந்தான். "சொல்லுங்க சார். இப்பவே இன்னொண்ணு செஞ்சிட்றேன்."

முதுகுக்குப் பின்னால், மிச்சமிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான்.